கையெழுத்து தெரிந்த கட்டுரை

திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ்ப் பண்டிதனாக இருந்த நாளில், எனக்குப் பெரிய கௌரவமாகப் பட்டது சம்பளமும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. அவ்வப்போது வரும் ஒரு தபால் உறை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிடும் ஒரு மாசிகையின் பத்திராதிபர் அதை அனுப்புவார். அச்சுக்குக் கொடுக்கும் முன், எழுதியவர் பேரைக் கத்தரித்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்பது அவர் வழக்கம். கேட்கப்பட்டவர் யார் என்பது எழுதியவருக்கும் தெரியாது. அப்படிக் கேட்கப்படுகிற சிலரில் நானும் ஒருவன்.

ஒரு தடவை உறையைப் பிரித்ததுமே கையெழுத்து தெரிந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே பக்கத்து வகுப்பு எடுக்கிறவர். முக்கூடல்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். தினமும் என் மேசைக்கு வந்து என் மைக்கூட்டில் பேனா தொட்டு எழுதுகிற ஆள்.

கட்டுரை, ஏரலில் ஒரு வீட்டில் கிடைத்த தலபுராண ஏட்டைப் பற்றியது. அதே ஏடு அவருக்கு முன்னால் ஆறு மாதம் என் வீட்டில் இருந்தது. ஓரத்தை எலி கடித்ததில் ஓலைகளின் எண்கள் போய்விட்டன; நடுவில் கதை அறுந்து நின்றது. இருபது பாட்டுக்கு மேல் தொலைந்துபோயின என்று அதே மாசிகையில் நானே எழுதியிருந்தேன். தொலையவில்லை என்கிறார் இவர். யாரோ ஏட்டுக் கட்டை அவிழ்த்து முறை மாற்றிக் கோத்துவிட்டார்கள். பூச்சி துளைத்த ஓட்டை ஓலைக்கு ஓலை கொஞ்சம் நகர்ந்துகொண்டே போகிறது, அதை வைத்து அடுக்கினால் பாட்டெல்லாம் ஒழுங்காக வந்துவிடுகிறது என்று காட்டியிருந்தார். அந்த ஓட்டைகளை ஆறு மாதம் திட்டியிருக்கிறேன். வேப்பெண்ணெய் தடவியிருக்கிறேன். ஒரு நாளும் உற்றுப் பார்க்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. தப்புக் கண்டுபிடிக்கவென்றே மூன்று தரம் படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நடைகூட நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சல்.

எழுதியவர் எனக்குத் தெரிந்தவர், விஷயத்திலும் எனக்குச் சம்பந்தம் உண்டு, வேறொருவரிடம் கேளுங்கள் என்று ஒரு கார்டு போட்டிருக்க வேண்டும். அதுதான் முறை. நான் எழுதியதோ, வேறொரு பிரதியோடு ஒத்துப்பார்க்கும் வரை நிறுத்திவைப்பது நலம் என்று. வேறு பிரதி கிடையாது என்பது, ஊர் ஊராக அலைந்து தேடிய எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மாசிகை வந்ததும் அவர் வாங்கிப் புரட்டுவார், மடித்து வைத்துவிடுவார். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. நாலாவது மாதம், மத்தியான இடைவேளையில் என் மேசைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, அந்த ஏட்டைப் பத்தி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன். வேற பிரதி பாத்தாத்தான் போடுவோம்னு சொல்லுதாங்க. யாரோ பெரிய ஆளு சொல்லியிருக்காராம்.”

“அதுக்கு நான் என்னவே செய்யணும்?”

“வேற பிரதி எங்கயும் இல்லைன்னு ஒங்களுக்குத்தான தெரியும். அதை ஒங்க கையால ரெண்டு வரி எழுதித் தாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

முகத்தில் கள்ளமே இல்லை. மைக்கூட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எழுதிக் கொடுத்தேன். என் அபிப்பிராயத்தை வைத்திருந்த பத்திராதிபரிடமே, அதே கையெழுத்தில், அதற்கு நேர்மாறான சாட்சி போய்ச் சேர்ந்தது. கட்டுரை வெளிவந்தது. எனக்கு உறை வருவது நின்றது.

மறு வருஷம் திசையன்விளைப் பக்கத்துக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நாள் காலை ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்:

“அண்ணாச்சி, ஒங்க கட்டுரை எங்கிட்டதான் வந்துது. திருப்பி அனுப்பிட்டேன்.”

“ஏன், நல்லா இல்லையோ?”

“படிக்கவே இல்லையே. மொத வரியிலயே ஒங்க எழுத்துன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சவங்க எழுதுனதை நான் பாக்கக் கூடாதுல்லா. வேற யாருக்காவது அனுப்புங்கன்னு ஒரு கார்டு போட்டுட்டேன்.”

வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். நான் தண்ணீரிலேயே நின்றேன். அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்ததற்காக அவர்மேல் பட்ட பொறாமை வருஷம் போகப் போக ஆறிவிட்டது. அந்தக் கார்டை ஒரு யோசனையும் இல்லாமல் எழுதிப் போட்டாரே, அதற்காகப் பட்டது இன்றும் ஆறவில்லை.