கேட்காத சத்தம்

பேசாலையில் எங்கள் மென்பந்துப் போட்டிகளுக்கு வெளியிலிருந்து நடுவர் வருவதில்லை. துடுப்பெடுத்தாடும் அணியில் ஒருவர்தான் நிற்பார். போன மாத இறுதிப் போட்டியில் நான் நின்றேன். "சொந்த அணிக்கு அவுட் குடுக்கமாட்டான்" என்று எதிரணி முணுமுணுத்தது எனக்குச் சுட்டது.

கடலுக்குப் போகாமல் ஆட வந்திருந்த அன்ரன்தான் எங்கள் நம்பிக்கை. அவன் வீசிய மட்டையைத் தாண்டிப் பந்து விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. மட்டையில் பட்டதென்று எதிரணியினர் எல்லோரும் கத்தினார்கள். எனக்குக் கேட்டது கச்சான் காற்று மட்டும்தான். ஆனாலும், நேர்மையானவன் என்று காட்ட விரலைத் தூக்கிவிட்டேன்.

தோற்றோம். எங்கள் பெடியள் என்னை ஏசினார்கள். அன்ரன்தான் தடுத்தான்.

"விடுங்கோடா, அவனுக்குச் சத்தம் கேட்டிருக்கும். கேக்காமல் குடுப்பானோ?"

நான் ஓமென்று தலையாட்டினேன். விரலைத் தூக்கியதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.