நாளைக்கு வரப்போகும் காய்ச்சல்

நாளை பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், போலீஸ் விசில், ஒலிபெருக்கி எல்லாம் ஒன்றுசேர்ந்தால் எனக்குத் தலைக்குள் எதுவுமே ஓடாது. போன மாதம் வேலூர் டாக்டர்தான் இதற்கு ஆட்டிசக் கூறுகள் என்று பெயர் சொன்னார்.

நேற்றே மேனேஜர் மேடத்திடம் இதையெல்லாம் சொல்லி லீவு கேட்டேன். "தாராளமா எடுத்துக்குங்க. லெட்டர் மட்டும் குடுத்துடுங்க" என்றார்.

எழுதுவதென்றால் எனக்கு மலையேறுவது மாதிரி. இன்று காலை நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஐந்தாவதில் எழுதினேன்: 'என் உடல்நிலை நன்றாக இருக்கிறது. விசில் சத்தம் தாங்க முடியாததால் நாளை விடுப்பு வேண்டும்.'

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாங்க இது? காய்ச்சல்னு எழுதுங்க."

"காய்ச்சல் இல்லையே மேடம்."

"எனக்குத் தெரியாதா? லீவு லெட்டர்ல எல்லாருக்கும் காய்ச்சல்தாங்க."

"நேத்து நான் சொன்னப்ப சரின்னீங்களே?"

"சொன்னீங்க, சரி. அத யாராவது எழுதிக் குடுப்பாங்களா?"

எழுதிக் கொடுத்தேன். நாளை எனக்குக் காய்ச்சல். உடனே கையெழுத்துப் போட்டார்.

கதவு வரை வந்தவனைக் கூப்பிட்டு, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "உடம்பப் பாத்துக்குங்க."

மூன்று மணி நேரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்பார். நேற்று சொன்னதற்குப் பதில் சொல்வதா, இன்று எழுதியதற்கா?

தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தயவுசெய்து உள்ளதையே எழுதுங்கள்.