ஆவியக்காவின் சாட்சி

தங்கை வீட்டைக் காலி செய்துகொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டிக்காரர் பீரோவை ஏற்றி முடித்து, கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தங்கையின் மகள் பாப்பா, மீன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தளும்பி பாவாடை நனைந்துவிட்டது. அதைச் சொன்னால் தொட்டியைப் பின்னால் வைக்கச் சொல்லிவிடுவார்கள் என்று வாயே திறக்கவில்லை.

கீழ்வீட்டு வாசலில் அக்கா நின்றாள். கையில் மடித்த போர்வை.

"இது உன்னோடது. கொடியிலயே கிடந்துச்சு."

"நீயே வச்சுக்க."

"புது வீட்டுல குளிரும்டி."

"பெரிய அக்கறை! நான் கேட்டது போர்வையா? ஒரு வார்த்தை கேட்டேன். அத சொல்ல முடியல உன்னால."

வண்டி கிளம்பியது. பாப்பா மட்டும் தொட்டியிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினாள். அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது.

தங்கை கேட்ட அந்த ஒரு வார்த்தை 'இல்லை' என்பது. அக்கா அதைச் சொல்லியிருந்தால் பீரோ மாடியிலேயே இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று தெரிய வேண்டுமானால் அவள் வேலையை முதலில் பார்க்க வேண்டும்.

நகரத்தின் ஓரத்தில், உயரமான சுவருக்குப் பின்னால், ஒரு வைரஸ் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அதன் கீழ்த்தளத்தில் அக்காவுக்கு வேலை. மேலே ஆராய்ச்சி செய்கிறவர்கள் தொட்ட கையுறை, குழாய், தட்டு, துணி எல்லாம் பைகளில் அவளிடம் வரும். ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு எஃகுப் பெட்டி. அதற்குள் பைகளை அடுக்கி, கதவைத் திருகிச் சாத்தி, கொதிக்கும் ஆவியை அழுத்தத்தோடு உள்ளே விட்டு, உயிருள்ள எதுவும் மிஞ்சாமல் வேக வைப்பாள். பெட்டிக்கு இரண்டு கதவு, நடுவே சுவர். பைகள் அழுக்குப் பக்கத்தில் நுழையும். வெந்த பிறகு சுத்தப் பக்கத்தில் வெளியே வரும். எப்போதும் ஆவியிலேயே நிற்பதால் மேலே இருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஆவியக்கா.

"பேய்னு சொல்றீங்களாடா?" என்று முதலில் முறைத்தாள். பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "என் கையில வேகாதவன் ஒருத்தன் கிடைச்சா பாக்கலாம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள்.

புதிதாக வரும் மாணவர்கள் எல்லாருமே ஒரு தப்பு செய்வார்கள். வீட்டுக் குப்பையைக் கட்டிப் பழகிய கை பையை இறுக்கி முடிச்சுப் போட்டுவிடும். அப்படிச் செய்தால்தான் பத்திரம் என்று தோன்றும். இங்கே அதுதான் ஆபத்து. இறுகக் கட்டிய பைக்குள் ஆவி போகாது. பைமேல் ஒட்டிய பட்டையில் சூடு பட்டுக் கறுப்புக் கோடு விழும். பார்த்தால் வெந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கலாம்.

"வாயைத் திறந்து வைங்கப்பா!" என்று சத்தம் போடுவாள். "மூச்சு முட்டினா உள்ள இருக்குறது சாகாது. சாகப்போறது நாமதான்."

ஒருநாள் சுத்தப் பக்கத்துக் கதவைத் திறந்தபோது, அடுக்கின் அடியில் ஒரு பை பந்து மாதிரி உப்பிக் கிடந்தது. முடிச்சு. கோடு கறுத்துத்தான் இருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் தூக்கி வெளியே போட்டிருப்பாள். இவள் அதைத் தொடவில்லை. கதவை அப்படியே மூடினாள். சுற்றிக்கொண்டு அழுக்குப் பக்கம் போய், பாதுகாப்பு உடை மாட்டி, அந்தக் கதவு வழியாகவே பையை எடுத்து முடிச்சைத் தளர்த்தி, முழுதாக இன்னொரு முறை வேக வைத்தாள். கட்டிய பையனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். மேற்பார்வையாளரிடமும் சொன்னாள். அவர், "அதான் திரும்ப வேக வச்சிட்டீங்களே" என்றார். சில மாதத்தில் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அது அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் காய்ச்சல் வந்தது.

முதல் நோயாளிகள் இந்த நகரத்துக்காரர்கள். பிறகு அது எங்கெங்கோ பரவியது. தங்கையின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோதும் ஆஸ்பத்திரி ஊழியர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே சட்டையைக் கழற்றுவார். "அண்ணி, இத உங்க பெட்டியில ஒரு தடவ போட்டு எடுங்களேன். வேற எதுக்கும் இந்த நாத்தம் அடங்காது" என்பார். ஒரு வாரம் இருமினார். ஆம்புலன்ஸில் தானே ஏறி உட்கார்ந்து கையசைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. ஜிப் வைத்த பையைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். "உள்ள இருக்குறது அவர்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காய்ச்சல் அடங்கியதும் பேச்சு கிளம்பியது. இது எங்கிருந்து வந்தது? தெரு இரண்டாகப் பிரிந்தது. போன் ரிப்பேர் கடைக்காரர் ஆய்வகக் கட்சி. "அந்தச் சுவருக்குப் பின்னாடி வளர்த்து விட்டாங்க சார்!" எதிர்க்கடை டெய்லர் சந்தைக் கட்சி. "உயிரோட மிருகம் விக்கிற சந்தை நம்ம ஊருல இருக்கறது உம்ம கண்ணுக்குத் தெரியலையா?" டீக்கடையில் இவர்கள் போடும் சண்டையில் டீ ஆறிப்போகும். ஆவியக்கா அந்தப் பக்கம் வந்தால் போதும், இரண்டு பேரும் அவளைச் சாட்சிக்கு இழுப்பார்கள்.

"அக்கா, உள்ள வேலை பாக்குறவங்க நீங்க. உண்மையச் சொல்லுங்க, அங்கிருந்துதானே?"

"தெரியாதுங்க."

"அப்ப சந்தைதானே? சொல்லுங்கக்கா, இந்த ஆளு வாயடைக்கட்டும்."

"அதுவும் தெரியாதுங்க."

"என்னக்கா இது, எந்தக் கட்சி நீங்க?"

"வேக வைக்கிற கட்சி" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். அன்றிலிருந்து இரண்டு கடைக்காரர்களும் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒற்றுமை.

விசாரணைக் குழு ஒன்று வந்தது. வெளியூர் நிபுணர்கள். ஒவ்வொரு ஊழியரையும் கூட்ட அறையில் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். முந்தின நாள் நிர்வாக அதிகாரி ஆவியக்காவை நிறுத்தி, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்மா. நாமளா எதையும் இழுத்துவிட வேண்டாம்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர்.

குழுவில் இருந்தவர் கேட்டார்: "உங்க வேலையில வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்ததுண்டா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். மேற்பார்வையாளர் ஊரில் இல்லை. அந்தப் பையன் படிப்பு முடித்துப் போய்விட்டான். அந்தப் பையைப் பற்றித் தெரிந்தவள் அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்திதான்.

சொன்னாள். முடிச்சு, கறுத்த கோடு, திரும்ப வேக வைத்தது, ஒன்றுவிடாமல்.

"அதிலிருந்து ஏதாவது வெளியே போயிருக்க முடியுமா?"

"அந்தப் பையிலிருந்து போகல. அது சுத்தப் பக்கம் வெளிய வரவே இல்ல."

"அப்படின்னா இங்கிருந்து எதுவும் வெளியே போகலைன்னு சொல்றீங்க?"

"அப்படிச் சொல்லலைங்க. என் கைக்கு வந்ததப் பத்தி எனக்குத் தெரியும். வராததப் பத்தித் தெரியாது."

ஆய்வகத் தலைவி, எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், அன்று சாயங்காலம் கீழ்த்தளத்துக்கே இறங்கி வந்தார். களைத்துப் போயிருந்தார். "எனக்கே இது இப்பதான் தெரியும். முன்னாடியே என்கிட்ட வந்திருக்கலாம்ல?" என்றார். "வந்திருக்கணும் மேடம்" என்றாள் இவள். டாக்டரம்மா பெட்டியின் மேல் கையை வைத்தார். "நம்ம வைரஸ் எதுவும் அந்தக் காய்ச்சலோட ஒத்துப்போகலைன்னு நான் காட்ட முடியும். ஆனா நம்பணும்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இப்ப இந்தப் பையும் சேர்ந்துக்கிச்சு. பரவாயில்ல, சொன்னது நல்லதுதான்." சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

பேச்சு எப்படியோ வெளியே கசிந்தது. சனிக்கிழமை டிவியில் பெரிய எழுத்தில் ஓடியது: 'ஆய்வகத்தில் வேகாத பை: ஊழியர் ஒப்புதல்.' திரும்ப வேக வைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. போன் ரிப்பேர் கடைக்காரர் பட்டாசு வெடிக்காத குறை.

தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்தபோது ஆவியக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்க எடத்துலேர்ந்துதான் வந்துச்சா?"

"டிவில பாதிதான் சொன்னான். அந்தப் பைய நான்..."

"பைய விடு. உங்க எடத்துலேர்ந்து வந்துச்சா, இல்லையா?"

"தெரியாதுடி."

"இத்தன வருஷம் அங்க வேலை பாக்குற. தெரியாதுங்கற!"

"அங்க வேலை பாக்குறதாலதான் தெரியாதுங்கறேன்."

தங்கை சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். குரல் இறங்கிப்போயிற்று. "அக்கா, இங்க பாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. பாப்பா மேல அடிச்சு சத்தியம் பண்ணு. நான் நம்பிக்கறேன். தெரு என்ன வேணா பேசட்டும். இல்ல, ஆமான்னு சொல்லு. நான் போய் அந்த கேட்டுல மண்ண வாரித் தூத்திட்டு வர்றேன். ஏதாவது ஒண்ண சொல்லேன். யாரத் திட்டறதுன்னு தெரியாம நான் எப்படி அழறது?"

ஆவியக்கா குழாயை நிறுத்தினாள். 'இல்லை' என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள். அழுகையை நிறுத்த எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். நிலா கூடவே வருகிறது என்றிருக்கிறாள், ஊசி வலிக்காது என்றிருக்கிறாள். ஆனால் இது செத்துப்போன மனுஷரின் கேள்வி. அதற்குப் பொய்யான பதிலைக் கொடுத்தால், அவரை இன்னொரு தடவை முகம் காட்டாமல் அனுப்பியது போலாகும் என்று அவளுக்குப் பட்டது.

"என் பெட்டிக்கு வந்ததெல்லாம் வெந்துதான் போச்சு. அதுக்கு எந்தச் சத்தியம் வேணாலும் பண்றேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. பெரிய படிப்புப் படிச்சவங்களே அடிச்சுக்கறாங்க. தெரியாதத தெரியும்னு உன்கிட்ட எப்படிடி சொல்வேன்?"

"நீ உன் பெட்டியக் கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுத் தங்கை எழுந்து மாடிக்குப் போனாள். ராத்திரியே தெரிந்தவர்களுக்குப் போன் போட்டுக் காலியாக இருந்த ஒரு வீட்டைப் பிடித்துவிட்டாள். மறுநாள் காலை வண்டி வந்தது.

ஆவியக்கா திங்கட்கிழமை வழக்கம் போல வேலைக்குப் போனாள். யாரோ கேட் சுவரில் தாரால் 'கொலைகாரர்கள்' என்று எழுதியிருந்தார்கள். காவலாளி தின்னரும் துணியும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவளும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்து தேய்த்தாள். பாதி எழுத்துப் போனது, மீதி கறையாக நின்றது. உள்ளே போய்ப் புதுப் பையன்களுக்கு முடிச்சுப் போடக் கூடாது என்று பாடம் எடுத்தாள். அந்த வாரத்திலிருந்து ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள்: பை அவள் கைக்கு வரும் முன் கொண்டுவந்தவரே வாயை விரித்துக் காட்ட வேண்டும். டாக்டரம்மாவுக்கும் விலக்கு இல்லை. அவரும் சிரித்துக்கொண்டே விரித்துக் காட்டினார்.

இன்னொரு குழு வந்தது. அப்புறம் இன்னொன்று. ஒரு அறிக்கை சந்தை என்றது, ஒன்று ஆய்வகத்தைத் தள்ளிவிட முடியாது என்றது, ஒன்று சான்று போதாது என்றது. வந்தவர்களெல்லாம் அவளிடம் பேசினார்கள். எல்லாரிடமும் அதையேதான் சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். கேமராவோடு வந்த ஒருவர், "உங்க மனசுல என்ன படுதுன்னு சும்மா சொல்லுங்க" என்று கெஞ்சினார். "என் மனசுல படறத வச்சு நீங்க என்ன பண்ணப்போறீங்க? வேணும்னா அந்தப் பையப் பத்திக் கேளுங்க, விடிய விடியச் சொல்றேன்" என்றாள். அவர் கேமராவை மடக்கினார்.

மாடிக்கு வேறு குடும்பம் வந்தது. பாப்பா எப்போதாவது அம்மாவுக்குத் தெரியாமல் போன் செய்வாள், "பெரியம்மா, ஒரு மீன் செத்துப்போச்சு" என்று. தங்கை பேசவில்லை. ஆவியக்கா அனுப்பிய செய்திகளைப் பார்த்த அடையாளம் மட்டும் விழும். பதில் இருக்காது. அப்படியே வருஷங்கள் போயின. பாப்பா கல்லூரிக்குப் போகும் வயதாகிவிட்டது.

பெட்டி இருக்கும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு மதியம் வேலை முடிந்து, கை கழுவி, உடை மாற்றி, அலமாரியைத் திறந்து போனை எடுத்தபோது தங்கையின் பெயர் தெரிந்தது. நின்ற இடத்திலேயே படித்தாள்.

"அக்கா, இங்க ஒரு டிவிக்காரங்க படம் எடுக்கறாங்க. காய்ச்சல்ல செத்தவங்க பொண்டாட்டிங்கள எல்லாம் உக்கார வச்சு பேச விட்டாங்க. ஆய்வகம்தான் என் புருஷனக் கொன்னுச்சுன்னு கேமராவப் பாத்து சொல்லணும், அவ்வளவுதான்னாங்க. சொல்லிட்டு வரணும்னுதான் நல்ல புடவையா கட்டிட்டுப் போனேன். லைட்டப் போட்டாங்க. எனக்குத் தெரியாதுங்கன்னுட்டேன். மூணு தடவ மாத்தி மாத்திக் கேட்டாங்க, மூணு தடவயும் அதேதான். போதும், நீங்க போலாம்மான்னுட்டாங்க. பஸ்ஸுல உக்காந்து நல்லா அழுதேன், அவருக்காக மட்டும். உன் மேல கோவம் முழுசா போயிடுச்சுன்னு நினைக்காத. வேலை முடிஞ்சதும் போன் பண்ணு. நான் எடுக்கறேன்."