மேசையின் மறுமுனை

கட்டிங் பிரிவில் அவளுக்குக் ‘கத்திரி’ என்று பெயர். துணி வெட்டும் கைக்குப் பாதி, வாய்க்குப் பாதி. நீண்ட மேசையின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவளுடைய அண்ணி. அவளை இந்த ஆடைத் தொழிற்சாலைக்கு அழைத்து வந்து துணி விரிக்கக் கற்றுக் கொடுத்தவளே அண்ணிதான். துணி முனையை விடும்முன் ஒருத்தி “விடுறேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். எதிரில் நிற்பவள் சரி சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் விரித்த துணியடுக்கு முழுதும் கோணும், அத்தனை சட்டையும் பாழ்.

அந்த அண்ணியிடம் மட்டும்தான் அவள் சொன்னாள். அடிவயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் நீர்க்கட்டி.

“பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இருக்காது. ஆனா ரத்தப் பரிசோதனையும் இன்னொரு ஸ்கேனும் பாத்துட்டுத்தான் எதையும் சொல்ல முடியும்” என்றிருந்தார் டாக்டர்.

அதுவரை என்ன செய்வது? வேலைக்கு வந்தாள். பேருந்தில் யார் முழங்கையும் படாமல் வயிற்றைப் பையால் மறைத்துக்கொண்டாள். தன் உடம்பே தனக்குக் குழி பறித்துவிட்டதே என்று மனதுக்குள் குமைந்தாள்.

“இந்த மேசைக்குப் பொறுப்பாளர் பதவி யாருக்குன்னு முடிவாகிற வரைக்கும் மூச்சு விடாதீங்க அண்ணி.”

“எங்கிட்ட சொல்லிட்டேல்ல, கிணத்துல போட்ட கல்லு மாதிரி. போடி.”

மறுநாளே கிணறு பேசிவிட்டது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் பொறுப்பை அண்ணிக்கு அறிவித்தார்.

“உனக்குத்தாம்மா தர்றதா இருந்தேன். வயித்துல கட்டியாமே? நாளைக்கு ஆபரேஷன் அது இதுன்னு படுத்துட்டா? உட்கார்ந்து தைச்ச சட்டையில பிசிறு நூல் வெட்டு, போதும்.”

பிரிவே திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தது.

“டாக்டருக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா சார்? போன வருஷம் உட்கார்ற இடத்துல கட்டின்னு ஒரு வாரம் நின்னுக்கிட்டே எங்கள விரட்டுனீங்களே, அப்ப உங்க நாற்காலிய யாருக்காவது குடுத்தாங்களா?”

சிரிப்பு வெடித்தது. சூப்பர்வைசர் சிவந்தார். ஆனால் முடிவு மாறவில்லை. ஆணின் கட்டி இரண்டு நாள் தொல்லை. பெண்ணின் கட்டி அவளுடைய தகுதிக் குறைவு. இந்தக் கணக்கை எந்த மருத்துவப் புத்தகம் போட்டதோ!

அண்ணி அருகில் வந்தாள். “உன் நல்லதுக்குத்தான்டி. நீ சிரமப்படக் கூடாதேன்னு…”

“எனக்குச் சிரமம்னு நெனச்சா எங்கிட்டல்ல சொல்லணும்? பதவிய நீங்க வாங்கிக்கிட்டதும் என் சிரமத்தக் கொறைக்கத்தானா?”

தன் உடம்பின் மீது இருந்த கோபம் அந்த நொடியில் கத்திரிக்கு அற்றுப்போயிற்று. பாவம், அது வலித்தாவது சொன்னது.

அவளை நூல் வெட்டும் வேலைக்கு மாற்றும்வரை, கையில் இருந்த ஆர்டரை முடித்தாக வேண்டும். இருவரும் பழையபடி மேசைக்கு வந்தார்கள். துணியை இழுத்து நேர் பார்த்தார்கள்.

“விடுறேன்” என்றாள் அண்ணி.

கத்திரி வாய் திறக்கவில்லை.

“விடுறேன்டி.”

மற்ற மேசைகளில் இயந்திரக் கத்திகள் இரைந்தன. தன் முனையை ஒரு இழை கோணாமல் பிடித்தபடி, அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் அவள். எதிர்முனையில், தான் சொல்லிக் கொடுத்த விதியை மீற முடியாமல், கை கடுக்கக் கடுக்கத் துணியைப் பிடித்துக்கொண்டே நின்றாள் அண்ணி.