செருப்போடு ஏறியவர்

வெள்ளைக்காரர் காலத்தில் பட்டு வியாபாரம் செய்து, பிறகு அரசியலுக்கு வந்த ஒருவரின் சிலை பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது. பிறந்தநாளன்று எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏணியில் ஏறி மாலை போடுவார்கள். நரைமீசை ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் வருஷா வருஷம் துடைத்துப் பளபளக்கும் செருப்போடு ஏறுவார். இந்த முறை கேட்டுவிட்டேன்.

"செருப்ப கழட்டலையாண்ணே?"

"இவரு கடை வாசல எங்க தாத்தா செருப்ப கையில தூக்கிக்கினுதான் தாண்டணும். அதான்பா போட்டுக்கினு ஏர்றேன்."

"அப்ப மாலை எதுக்கு?"

"பதவிக்கு வந்தப்புறம் இவரு தொறந்த பள்ளிக்கூடத்துலதான் எங்கப்பா படிச்சாரு."

சிலையைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்தது நான். மாலையோடு ஏணியடியில் ஒரு செருப்பைக் கழற்றினேன். மற்றதையும் கழற்றுவதா, கழற்றியதைப் போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.