ஹெப்சிபா கடையின் கறுப்பு மிட்டாய்

ஹெப்சிபா க்ராம்ப்டனின் கடைக்குள் நுழைந்தால் முதலில் திணறுவது மூக்குதான். சோம்பு மிட்டாய், கற்பூரத் தைலம், புதுக் கம்பளி மூன்றின் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் மிட்டாய்ச் சாடிகள், மறுபக்கம் மருந்துப் புட்டிகள், தலைக்கு மேலே கயிற்றில் காலுறைகளும் உள்பாவாடைகளும். உயரமான ஆண்கள் குனிந்துதான் வரவேண்டும். இல்லையென்றால் உள்பாவாடைக்குள் முகம் சிக்கும்.

எதற்கு இந்த மூன்றையும் ஒரே கடையில் விற்கிறாய் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. மிட்டாய் தின்றவனுக்குப் பல்வலி வரும், பல்வலிக்காரன் கிராம்புத் தைலம் வாங்குவான், தைலத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டு புதுச் சட்டைக்கும் இங்கேயே வருவான் என்பாள். உண்மையில், துணிச் சரக்கு கடையோடு வந்தது. தைலம் அக்கம்பக்கத்தாரின் இருமலுக்காக வைத்தது. மிட்டாய் மட்டும்தான் அவளே ஆசைப்பட்டுச் சேர்த்தது.

அதற்கு முன் அவள் வட இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பஞ்சு மில்லில் தறி ஓட்டியவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்ததும் வேலையை விட்டு, சேமிப்பையெல்லாம் போட்டுக் கடையை எடுத்தாள். பழைய முதலாளி விட்டுப்போன சரக்கில் பெரிய பெட்டி நிறைய சிவப்புக் கம்பளித் துணிகள். குளிருக்கு மார்பில் கட்டிக்கொள்வதற்கானவை. அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணிக்காகக்கூட யாரும் அவற்றைக் கேட்கவில்லை. கடைக்காரியானபின் அவளைக் கல்யாணம் கேட்டு வந்தவர்கள் இருவர். ரொட்டிக்கடைக்காரர் அவளைவிட மிட்டாய்ச் சாடிகளையே அதிகம் பார்த்தார். தபால்காரர் அம்மாவைக் கேட்காமல் தும்முவதுகூட இல்லை. இருவரையும் அனுப்பிவிட்டாள்.

ஐப்பசிக் குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, கடைக்கு எதிரே சந்தைத் திடலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அதன்மேல் வெல்வெட் கோட்டும் இறகு வைத்த தொப்பியுமாக ஒருவர் ஏறினார். தம் பெயர் புரொஃபசர் வாலன்டீனோ என்றும், தம்மிடம் இருக்கும் கறுப்புக் கஷாயம் இருமல், மூட்டுவலி, மனக்கவலை எல்லாவற்றையும் ஓட்டிவிடும் என்றும் முழங்கினார். பின்னால் ஒரு தடியன் முரசு அடித்தான். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்த மில் பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹெப்சிபாவும் கடை வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முரசு உச்சத்தில் இருக்கும்போது புரொஃபசர் தடியன் பக்கம் லேசாகத் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கே பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் அவர் தெற்கு இங்கிலாந்துக்காரர். லங்காஷயர் மில் பெண்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் தறி ஓடும் கூடத்தில் காதுக்கு வேலையில்லை. அங்கே பேச்செல்லாம் உதட்டசைவில்தான். தெருவின் அந்தக் கோடியில் நிற்பவளோடு சத்தமே இல்லாமல் மாமியார் சண்டையை முழுசாகப் பேசி முடிப்பார்கள்.

புரொஃபசரின் உதடு சொன்னது இதுதான்: "தொப்பியில குருவி வெச்சிருக்கே, அந்த குண்டம்மா ரெண்டு புட்டி வாங்கும். நொண்டிய அனுப்பு. இன்னிக்கு இடது கால்னு ஞாபகப்படுத்து."

முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். குருவித் தொப்பிக்காரி திருமதி ஷஃபிள்பாட்டமும் படித்தாள். பார்க்காதவர்களுக்கு மற்றவர்கள் வாயசைத்துச் சொன்னார்கள். முரசு ஓய்வதற்குள் சந்தை முழுவதும் செய்தி போய்விட்டது. ஒரு சத்தம்கூட எழவில்லை.

ஊன்றுகோலோடு ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கஷாயத்தைக் குடித்தான், கோலைத் தூக்கி எறிந்தான், நடந்து காட்டினான். யாரும் கைதட்டவில்லை. புரொஃபசர் சமாளித்துக்கொண்டு, புன்னகையோடு புட்டியைத் திருமதி ஷஃபிள்பாட்டத்திடம் நீட்டினார்.

"ரெண்டுல்ல குடுக்கணும்?" என்றாள் அவள், அமைதியாக. "குண்டம்மா ரெண்டு வாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

பின்னாலிருந்து ஒருத்தி, "ஏம்ப்பா, அப்ப நேத்து வலது காலாக்கும், இன்னிக்கு இடது காலு. நாளைக்கு எதுன்னு சொல்லிட்டுப் போ, பாக்க வரோம்" என்றாள். நொண்டி இரண்டு காலாலும் ஓடினான். சிரிப்பில் குதிரை மிரண்டது. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. தடியன் வண்டியை ஓட்டிக்கொண்டு நொண்டியின் பின்னாலேயே போய்விட, புரொஃபசர் ஒரு கூடைக் கஷாயப் புட்டிகளோடு திடலில் தனியாக நின்றார்.

ஒதுங்க இடம் தேடி அவர் ஹெப்சிபாவின் கடைக்குள் வந்தபோது இறகு தொங்கி மூக்கைத் தொட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அவள் எதுவும் கேட்காமல் அடுப்பருகே நாற்காலி போட்டாள். ஒரு புட்டியைத் திறந்து விரலில் தொட்டு நக்கினாள். அதிமதுரம், வெல்லப்பாகு, சோம்பு.

"இதுல என்ன சீக்கு போகும்?"

"ஒண்ணும் போகாதுங்க" என்றார் அவர், காற்றாகிப்போன குரலில். "ஆனா ருசி நல்லா இருக்கும். அதுல மட்டும் நான் ஏமாத்துனதே இல்ல."

அந்தப் பதில் ஹெப்சிபாவுக்குப் பிடித்துப்போனது. "அப்ப ஏன்யா புட்டியில அடைக்கறீங்க? இன்னும் கொஞ்சம் காய்ச்சி இறுக்கினா மிட்டாய்" என்றாள்.

அன்று சாயங்காலமே பின்கட்டுச் சமையலறையில் கஷாயம் கொதித்தது. அவருடைய நிஜப்பெயர் க்ளெமென்ட் டிட்மஸ் என்பது பாகு கம்பிப்பதம் வருவதற்குள் தெரிந்தது. எதிர்ச் சந்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். மிட்டாய்க்கு 'பேரரசர் நுரையீரல் முத்து' என்று பெயர் வைக்க வேண்டும் என்று மன்றாடினார். ஹெப்சிபா சாடியில் 'கறுப்பு மிட்டாய். இருமலுக்கு ஒன்றும் செய்யாது' என்று எழுதி ஒட்டினாள். எழுதியதைப் படித்துச் சிரித்தவர்கள் ஒன்று வாங்கினார்கள். தின்றவர்கள் பொட்டலமாக வாங்கினார்கள்.

தொண்டை சரியாக நாளானது. அதுவரை சும்மா இராமல் அவரும் வாயசைத்துப் பேசக் கற்றுக்கொண்டார், அரைகுறையாக. ஒரு நாள் திருமதி ஷஃபிள்பாட்டத்திடம் அந்தச் சிவப்புத் துணியைக் காட்டி, இது உங்களைச் சூடாக வைத்திருக்கும் என்று சொல்ல முயன்றார். அவள் படித்ததோ, நான் உங்களைச் சூடாக வைத்திருப்பேன் என்று. அவள் கணவனை இழந்து பல வருஷம் ஆனவள். முகம் சிவக்க இரண்டு துணி வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அவளுடைய சிநேகிதிகள் வந்தார்கள். குளிர்காலம் முடிவதற்குள் பெட்டி காலி.

"அவங்ககிட்ட நீங்க என்னதான் சொல்றீங்க?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்" என்றார் அவர். குரல் திரும்பிவிட்டிருந்தது. "உங்ககிட்ட கேக்கணும்னு ஒண்ணு இருக்கு. அதைத் தப்பில்லாம கேக்கணும். அதான் குரல் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தேன்."

அவள் எடைபோட்டுக்கொண்டிருந்த மிட்டாயைத் தட்டிலேயே விட்டுவிட்டு, கேளுங்க என்றாள். கேட்டார். இந்த ஆளுக்கு அம்மா உண்டா என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

அந்தக் கோடையில் வருஷாந்திர விடுமுறைக்கு மில்லெல்லாம் மூடி, ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போனபோது அவர்களும் போனார்கள். மணலில் அத்தனை கூட்டத்தைக் கண்டதும் க்ளெமென்டால் இருக்க முடியவில்லை. வாடகை நாற்காலி ஒன்றின் மேல் ஏறி, "அம்மணிகளே, ஐயாமார்களே" என்று ஆரம்பித்தார். ஹெப்சிபா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். திரும்பி வந்து அவர் கோட்டைப் பிடித்துக் கீழே இறக்கி, பூட்ஸைக் கழற்றச் சொன்னாள்.

"விக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே, எதுக்கு ஏறுனீங்க?"

"கூட்டம் இருந்துச்சு" என்றார் அவர். பூட்ஸைக் கையில் பிடித்தபடி அவள் பின்னால் அலையில் இறங்கினார். தண்ணீர் ஐஸாக இருந்தது. இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.