என் காலில் போட்ட மாவுக்கட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நான் நர்ஸ். சொந்த ஊர் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கம். கல்யாணமாகிக் கரமனையில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்போது எனக்குப் பதினாலு வருட சர்வீஸ். எலும்பு வார்டில் எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். நினைத்ததோடு விட்டேனா? நாலு பேர் கேட்கச் சொல்லவும் செய்வேன். என் வாய் அப்படி.

அந்த நேரத்தில்தான் எலும்பு சிகிச்சையில் நர்ஸ்களுக்கு மேற்பயிற்சி என்று ஓர் ஆர்டர் வந்தது. நகரத்திலேயே இன்னொரு மருத்துவமனையில் ஆறு மாதம். எங்கள் வார்டிலிருந்து என் பெயரைப் போட்டுவிட்டார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். முப்பத்தெட்டு வயதில் நோட்டும் கையுமாகப் பழவங்காடியில் பஸ் மாறி வகுப்புக்குப் போக வேண்டுமாம். போய்ப் பார்த்தால், பாடம் எடுக்கிற பெண்ணுக்கு இருபத்தாறு வயது. நான் வேலையில் சேர்ந்தபோது அவள் ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பாள். அவளைப் போய் 'டீச்சர்' என்று கூப்பிட வேண்டும்.

இரண்டாம் வாரம் அவள் ஒரு குண்டைப் போட்டாள். எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருத்தி காலில் இன்னொருத்தி மாவுக்கட்டுப் போட வேண்டும் என்றாள். தொடையிலிருந்து விரல் வரைக்கும், நிஜக் கட்டு. அதோடேயே வீட்டுக்குப் போய் மறுநாள் திரும்பி வர வேண்டும். வந்த பிறகுதான் வெட்டுவார்களாம்.

"இதென்ன சின்னப்பிள்ளைங்க விளையாட்டா டீச்சர்?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "ஒரு திவசம் சேச்சி கட்டோட கிடந்து பாருங்க" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தாள். ஒரே ஒரு நாளாம்.

அன்று நான் வீடு போய்ச் சேர்ந்த அழகைச் சொல்லி முடியாது. ஆட்டோவில் குறுக்காக உட்கார்ந்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு போனேன். கரமனையில் எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமி, "ஐயையோ, எங்கடீம்மா விழுந்தே?" என்று ஓடி வந்தாள். 'விழவில்லை மாமி, பாடம்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பேசாமல் விழுந்ததாகவே ஒப்புக்கொண்டேன். அதைவிடப் பெரிய கூத்து கழிப்பறையில். எங்கள் வீட்டில் குத்தவைத்து உட்காரும் கழிப்பறைதான். மடக்க முடியாத காலை வைத்துக்கொண்டு அங்கே நான் பட்ட பாட்டை எழுத வெட்கமாக இருக்கிறது. அதுவரை எத்தனையோ பேரைக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தரிடமாவது 'உங்க வீட்டில் என்ன மாதிரி கழிப்பறை?' என்று கேட்டிருப்பேனா? கேட்டதே இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "எத்தனை பேருக்கிட்ட 'ஒண்ணுமில்ல, பொறுத்துக்கோ'ன்னு சொல்லியிருப்ப. இப்ப நீ பொறுத்துக்கோ, கேட்டியா" என்று சிரிப்பு வேறு.

சிரிப்பெல்லாம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கமாக ஓரிடத்தில் வலிக்க ஆரம்பித்தது. விடியும்போது அது ஒன்றைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வகுப்புக்குப் போனதும், எனக்குக் கட்டுப் போட்ட ஜோடிக்காரியிடம் சொன்னேன். அவள் என் கால்விரலைத் தொட்டுப் பார்த்தாள். நகத்தை அழுத்தி விட்டாள், ரத்தம் திரும்பி வந்தது. விரலை ஆட்டச் சொன்னாள், ஆட்டினேன். சார்ட்டில் 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். நார்மலாம்! வலிக்கிறவள் நான், நார்மல் என்று எழுதுகிறவள் அவள். எனக்கு வந்த கோபத்தில் அவளை ஒரு பிடி பிடித்தேன்.

டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "வார்டில் நீங்களும் இதுதானே சேச்சி எழுதியிருப்பீங்க?"

உண்மைதான். இதேதான் எழுதியிருக்கிறேன், பதினாலு வருடமாக.

டீச்சர் கட்டு வெட்டும் மெஷினை எடுத்து, முதலில் தன் உள்ளங்கையில் வைத்து ஓட்டிக் காட்டினாள். அந்தப் பிளேடு சுற்றாது, அதிர மட்டும் செய்யும், தோலை வெட்டாது. பிறகு என் கட்டைப் பிளந்தாள். வலித்த இடத்தில் கட்டைவிரல் அழுத்திய அளவுக்குச் சிவந்த ஒரு பள்ளம். ஈரக் கட்டை உள்ளங்கையால் பிடிக்காமல் விரல் நுனியால் பிடித்திருக்கிறாள் என் ஜோடிக்காரி.

"இது சின்ன வலி" என்றாள் டீச்சர். "இன்னொரு வலி உண்டு." கட்டுக்குள்ளே சதை வீங்கி, வீங்க இடமில்லாமல் தன்னைத்தானே நெரித்துக்கொள்கிற வலி. விரல் சூடாக இருக்கும், நிறம் மாறாது, நகத்தில் ரத்தமும் திரும்பும். ஆனால் ஊசிக்கு அடங்காது. கால்விரலை நாம் லேசாக மடக்கினால் உயிர் போகும். விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் சதை செத்துவிடும், பிறகு காலையே எடுக்க வேண்டிவரும். கட்டை மேலே மட்டும் வெட்டினால் போதாது, உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரிகிற வரை வெட்ட வேண்டும். ரத்தம் நனைந்து காய்ந்த பஞ்சும் ஒரு கட்டுதான். காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கவும் கூடாது, நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும்.

"அப்படி ஒருத்தரைப் பார்த்தா சேச்சி என்ன செய்வீங்க?"

"டூட்டி டாக்டருக்குச் சொல்வேன். 'டாக்டருக்குத் தெரிவித்தேன்'னு சார்ட்டில் எழுதுவேன்."

"அது கழிஞ்ஞு?"

அதற்கப்புறம் என்ன? அதை எழுதிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்றுதான் நாங்கள் எல்லாரும் பழகியிருந்தோம். டாக்டர் வர முடியாத நேரத்தில், காத்திருந்தால் கால் போய்விடும் என்கிறபோது, நர்ஸே வெட்டலாம், வெட்டவும் வேண்டும் என்றாள் அவள்.

பயிற்சி முடிந்து வார்டுக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். மத்தியான டூட்டிக்குப் போனேன். காலை டூட்டி நர்ஸ் பொறுப்பை ஒப்படைக்கும்போது, "அந்தத் தோட்டக்காரி சும்மா கூவிட்டே இருக்கா. ரெண்டு இஞ்செக்ஷன் ஆச்சு. விரல் கலரெல்லாம் ஓகே" என்றாள்.

வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண் அவள். முப்பது வயது இருக்கலாம். மழை ஈரத்தில் சரிவில் சறுக்கி விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் ஒடிந்து, மேல்தோலும் சிராய்த்திருந்தது. காலையில்தான் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். மூன்று தலையணை அடுக்கி, மேலே காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிற பிழைப்பு. கால் போனால் அவளுக்கு எல்லாமே போயிற்று.

நான் தமிழில் விசாரித்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க தமிழா? ஒடஞ்ச வலி எனக்குத் தெரியும்க்கா, இது அது இல்ல. உள்ள வெடிக்கிற மாதிரி இருக்கு."

கால்விரலைத் தொட்டேன், சூடு இருந்தது. நகத்தை அழுத்தினேன், ரத்தம் திரும்பியது. பழைய நானாக இருந்தால் 'நார்மல்' என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். கட்டைவிரலைப் பிடித்துக் கீழ்ப்பக்கமாக லேசாக மடக்கினேன். அவள் போட்ட அலறலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பஞ்சால் தொட்டேன். தொடுகிறது தெரியவில்லை என்றாள். டீச்சர் சொன்ன அந்த 'இன்னொரு வலி' இதுதான்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தேன். டூட்டி டாக்டர் ஒரு விபத்துக் கேஸில் இருந்தார். அங்கிருந்த நர்ஸ் அவரிடம் கேட்டு எனக்குச் சொன்னாள். கலர் இருக்கிறது அல்லவா, இன்னொரு இஞ்செக்ஷன் கொடுத்துக் காலை இன்னும் தூக்கி வைக்க வேண்டுமாம். அவர் வர ஒன்றரை மணி நேரமாவது ஆகுமாம். பெரிய டாக்டர் ஓ.பி. முடித்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அப்போது செல்போன் ஏது? வீட்டுக்குப் போன் போட்டு, வந்ததும் உடனே திரும்பி வரச் சொல்லுங்கள் என்று அவர் மனைவியிடம் சொன்னேன்.

சார்ட்டை எடுத்து 'டூட்டி டாக்டருக்குத் தெரிவித்தேன்' என்று எழுதினேன். பேனாவை மூடப் போனேன். 'அது கழிஞ்ஞு?' என்று பாடம் எடுத்த அந்தப் பெண்ணின் குரல் காதுக்குள் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம்தான். டாக்டர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தால் மெமோ வரும், வேலையே போனாலும் போகும். கட்டிலிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாவுக்கட்டுப் போடுகிற பிளாஸ்டர் ரூம்காரரைக் கூப்பிட்டேன். அவர் மெஷினைக் கொண்டுவந்தார், ஆனால் கட்டிலுக்கு ரெண்டடி தள்ளியே நின்றுவிட்டார். "டாக்டர் பறயாதெ ஞான் தொடில்லா சிஸ்டரே." டாக்டர் சொல்லாமல் தொட மாட்டாராம்.

"நீங்க தொட வேண்டாம் சேட்டா. பிளக்கை மட்டும் மாட்டுங்க."

தலையணைகளை எடுத்துக் கீழே போட்டேன். அவளுடைய புருஷன், "எலும்பு வெலகிறாதாக்கா?" என்று பதறினார். விலகினால் மறுபடி சேர்த்து வைக்கலாம், சதை செத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். மெஷினை என் உள்ளங்கையில் ஓட்டி, "பாத்தியாம்மா, தோலை வெட்டாது" என்று அவளுக்குக் காட்டினேன்.

"வெட்டினாலும் பரவால்லக்கா, வெட்டுங்க" என்றாள்.

தொடையிலிருந்து விரல் வரை நீளமாக வெட்டி, கட்டை விரித்தேன். பஞ்சு ரத்தம் காய்ந்து அட்டையாக இறுகியிருந்தது. அதையும் கத்தரியால் தோல் தெரிகிற வரை வெட்டினேன். கால் வீங்கிப் பளபளவென்று, தொட்டால் மரக்கட்டை போல இருந்தது. அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். "கொஞ்சம் கொறைஞ்சாப்புல இருக்குக்கா." சார்ட்டில் மணியைப் போட்டு எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கட்டு தோல் வரை வெட்டப்பட்டது. வெட்டியது நான்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் நர்ஸிங் சூப்பிரண்டு வந்து நின்றார். "ஆரோடு சோதிச்சிட்டு வெட்டினே?" யாரைக் கேட்டு வெட்டினாய் என்று வார்டே பார்க்கத் திட்டிவிட்டு, எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார். நான் தலையைக் குனியவில்லை. விளக்கம் எழுதக் காகிதம் எடுக்கும்போதே பெரிய டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். வீட்டுப் படி ஏறினவர் அப்படியே திரும்பியிருக்கிறார். காலை அமுக்கினார், விரலை மடக்கினார். "தியேட்டர். இப்பவே" என்றார், அவ்வளவுதான். உள்ளே கொண்டுபோய், அழுத்தம் இறங்கட்டும் என்று சதையைச் சுற்றியிருக்கும் உறையைக் கீறி விட்டார்கள்.

வெளியே வந்ததும் சார்ட்டைக் கேட்டு வாங்கி, நான் எழுதியதைப் படித்தார். சூப்பிரண்டைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கச் சொன்னார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா இந்தக் காலை நான் எடுத்திருப்பேன். எக்ஸ்ப்ளனேஷன் வேணும்னா என்கிட்ட கேளுங்க." என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அதற்குப் பிறகு வார்டில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். தரையில் கால் பாவவே இல்லை!

மறுநாள் டீச்சருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பாராட்டு கீராட்டு எதுவும் இல்லை, "பஞ்சு வெட்டியோ சேச்சி?" என்றாள்.

"வெட்டினேன் டீச்சர், தோல் தெரியுற வரைக்கும்."

"தலையணை?"

"எடுத்துட்டேன்."

"அப்போ சரி." பிறகு மெதுவாக, "ஞான் இது படிப்பிச்சிட்டே உள்ளூ சேச்சி" என்றாள். பாடம் நடத்தியிருக்கிறாளே தவிர, அவளும் நிஜத்தில் ஒரு தடவைகூட வெட்ட நேர்ந்ததில்லையாம். அன்றைக்குத்தான் நான் அவளை மனதார 'டீச்சர்' என்று கூப்பிட்டேன்.

அந்தப் பெண் பல மாதம் சிகிச்சைக்கு வந்து போனாள். காலில் நீளமாக ஒரு தழும்பு, லேசான விந்தல். கடைசியாக வந்த அன்று கம்பில்லாமல் வார்டு வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து காட்டி, "திங்கக்கெழமை வேலைக்கு எறங்குறேன்க்கா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பயிற்சிச் சான்றிதழை என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். ஆனால் நான் பெருமைப்படுவது அதற்கில்லை. என் சர்வீஸ் முழுக்க 'தெரிவித்தேன்' என்று எத்தனையோ ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன், 'வெட்டியது நான்' என்று ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். நான் நர்ஸாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த ஒரு வரி போதும்.